கோடு மட்டும் பார்த்தால் போதுமா?
மலை அணில்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறான். ராக்கி மலைப் பக்கம் போனபோது எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். பாறை மேல் உட்கார்ந்து ஒரு சின்ன அணில் கடலை கொறிக்கிறது, முதுகில் கோடு. ‘சிப்மங்க்’ என்கிறான். எனக்கு எங்கள் கொய்யா மரத்துக்கு வருகிற அணில் மாதிரியேதான் தெரிகிறது. இரண்டும் ஒன்றா? ஜூனில் நாங்களும் அங்கே போகிறோம். எங்கே, எப்படிப் பார்க்கலாம்?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: ஒன்றில்லை. அணில் குடும்பம் என்ற அளவில் சொந்தம் உண்டு, அதுவும் தூரத்துச் சொந்தம். உங்கள் கொய்யாவுக்கு வருவது மூவரி அணில். சிப்மங்க்கில் ஏறக்குறைய 25 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் சைபீரியா தொடங்கி ஜப்பான் வரை வாழ்கிறது. மற்றதெல்லாம் வட அமெரிக்காவில்தான், அதிலும் பெரும்பாலானவை மேற்குப் பகுதி மலைகளில். இந்தியக் காட்டில் சிப்மங்க் கிடையாது.

வீடியோவை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகைப் பார்க்க வேண்டாம். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மூக்கிலிருந்து ஒரு கருங்கோடு கிளம்பிக் கண்ணைக் கடந்து காதை நோக்கிப் போகும். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு வெளிர்க்கோடு, கீழே ஒரு வெளிர்க்கோடு. இது இருந்தால் சிப்மங்க். நம்மூர் மூவரி அணிலின் முகம் ஒரே சாம்பல் பழுப்பு, கோடே இல்லை. அதன் பிறகு முதுகுக்கு வாருங்கள். சிப்மங்க்குக்கு ஐந்து கருங்கோடு, இடையிடையே நான்கு வெளிர்க்கோடு. நம் அணிலுக்கு மூன்றே மூன்று வெளிர்க்கோடு.

அது இருக்கிற இடமும் பேசும். நம் அணில் தரையில் இரை பொறுக்கினாலும் அதற்குப் புகலிடம் மரம்தான். ஆள் வந்தால் அடிமரத்தின் மறுபக்கம் ஏறிவிடும். சிப்மங்க் மரம் ஏறும், ஆனால் அது வளை தோண்டி வாழ்கிற பிராணி. துரத்தினால் பாறை இடுக்குக்கோ விழுந்து கிடக்கும் மரத்தடிக்கோ ஓடும். இரண்டு கன்னத்திலும் உள்பக்கம் பை உண்டு. விதைகளை அதில் அடைத்துக்கொண்டு போய் வளைக்குள் சேமிக்கும். பனிக்காலத்தில் சில நாள் மரத்துப்போய்த் தூங்கி, எழுந்து, சேமித்ததைத் தின்று, மறுபடி தூங்கும்.

இப்போது ஒரு பொறி. அதே பாறையில், அதே சுற்றுலா நிறுத்தத்தில், சிப்மங்க்கைவிடக் கொழுத்த இன்னொன்று வந்து உட்காரும். விலாவில் பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, அதன் இரு ஓரத்திலும் கருப்புக் கரை, தலையும் தோளும் பொன் கலந்த செம்பழுப்பு. கோல்டன் மேன்டில்டு தரை அணில் என்பது அதன் பெயர். ‘பெரிய சிப்மங்க்’ என்று பயணிகள் எடுத்துவரும் படங்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். முகத்தில் கோடு இருக்காது. அந்த ஒன்றே போதும் பிரித்துச் சொல்ல.

ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் மூன்று சிப்மங்க் இனங்கள் உண்டு: லீஸ்ட், கொலராடோ, யூயின்டா. லீஸ்ட் எல்லாவற்றிலும் சிறியது, 30 முதல் 50 கிராம்தான் இருக்கும். ஓடும்போது வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடும். மற்ற இரண்டையும் படத்தை வைத்துப் பிரிக்க முயன்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மேற்கு அமெரிக்க சிப்மங்க் இனங்கள் சிலவற்றை அருங்காட்சியகத்திலேயே பிறப்புறுப்பு எலும்பை அளந்துதான் உறுதி செய்கிறார்கள். ‘சிப்மங்க், இன்ன இடம், இன்ன உயரம்’ என்று எழுதி வைப்பதே நேர்மையான குறிப்பு.

ஜூன் நல்ல மாதம். பூங்காவின் உச்சி வழியாகப் போகும் ட்ரெயில் ரிட்ஜ் சாலை வழக்கமாக மே கடைசியில்தான் திறக்கும். மேலே அப்போதும் பனி கிடக்கலாம். வெயில் ஏறிய காலையிலும் பிற்பகல் சாய்ந்த பிறகும் பாருங்கள். பாறைச் சரிவும் காடும் சேரும் விளிம்பு, பட்டுப்போன மரம் விழுந்து கிடக்கும் இடம், நடைபாதை தொடங்கும் இடத்துக் கற்சுவர் – இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் எதிரே உட்கார்ந்துவிடுங்கள். நடந்துகொண்டே தேடினால் வால் மட்டும்தான் கண்ணில் படும்.

வீடியோவில் அந்தக் கடலை எங்கிருந்து வந்தது என்பதையும் மகனிடம் கேளுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மேற்கு அமெரிக்காவில் தரை அணில், சிப்மங்க் ஆகியவற்றின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுவதுண்டு. 2021 ஆகஸ்டில் டஹோ ஏரியின் தென்கரையில் சிப்மங்க்குகளிடம் பிளேக் கிருமி இருப்பது தெரிந்து சில சுற்றுலா இடங்களை மூடிவைத்தார்கள். கையில் வைத்து ஊட்டுவது, வளை வாயில் உட்காருவது, செத்துக் கிடப்பதைத் தொடுவது மூன்றும் கூடாது.

கேள்வி: நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இயற்கை நடை போகிறேன். நீலகிரியில் கோடு போட்ட அணில் எத்தனை வகை? செல்போன் செயலி ஒருநாள் ‘மூன்று கோடு’ என்கிறது, மறுநாள் ‘ஐந்து கோடு’ என்கிறது.
– ஓர் ஆசிரியர், குன்னூர்

பதில்: மூன்று வகை. ஐந்து கோட்டு அணிலை மறந்துவிடுங்கள்; அது பெரும்பாலும் வட இந்தியாவின் வறண்ட பகுதிகளுக்கு உரியது. மூவரி அணில் பக்கவாட்டில் திரும்பும்போது விலா மயிர் சிலிர்த்து நான்காவது, ஐந்தாவது கோடு போலத் தெரியும். செயலிக்கு அந்த ஒரு நொடிப் படம்தான் கிடைக்கிறது, பாவம்.

முதலாவது, ஊர் அணிலான மூவரி அணில். வீட்டுத் தோட்டம், சாலையோர மரம், பள்ளி மைதானம் என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். மூன்று கோடும் பால் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். நடுக்கோடு பிடரியிலிருந்து வால் அடி வரை முழுசாக ஓடும். எடை 100 கிராமை ஒட்டி இருக்கும். மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சாது; திட்டிவிட்டுத்தான் ஓடும்.

இரண்டாவது காட்டு மூவரி அணில். மேற்குச் சரிவின் ஈரமான பக்கம், அதாவது கூடலூர், பந்தலூர் வழியாக இறங்கும் காடும் காப்பி, ஏலத் தோட்டங்களும் இதன் ஊர். உடல் நிறம் ஊர் அணிலைவிடக் கறுத்திருக்கும். கோடுகள் ஒல்லியாக இருக்கும். நெற்றியிலும் பின்தொடையிலும் செம்பழுப்புச் சாயல் ஏறியிருக்கும். உறுதிப்படுத்த வேண்டுமானால் வாலின் அடிப்பக்கம் பாருங்கள்: நடுவில் துருநிறத்தில் ஒரு பட்டை ஓடும். அணில் கிளையில் குப்புறப் படுத்து வாலைத் தொங்கவிடும்போதும், அடிமரத்தில் தலைகீழாக நின்று கத்தும்போதும் அது தெரியும். மற்ற நேரம் தெரியாது, பொறுமை வேண்டும்.

மூன்றாவதுதான் நீலகிரியின் தனிச் சொத்து போன்றது, நீலகிரி வரி அணில். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. இலங்கையில் இதே மாதிரி இருக்கும் அணிலையும் இதையும் நெடுங்காலம் ஒரே இனமாகக் கணக்கில் வைத்திருந்தார்கள். 2012இல் தனித்தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். எடை சுமார் 40 கிராம், ஊர் அணிலில் பாதிகூட இல்லை. பச்சை கலந்த கரும்பழுப்பு உடம்பு. முதுகின் நடுப்பகுதியில் மட்டும் மூன்று மங்கல் கோடு. மூடுபனியில் அதுவும் தெரியாது. ‘எலி ஒன்று புதரில் ஓடியது’ என்று மாணவர்கள் சொன்னால் உடனே தள்ளிவிடாதீர்கள். வால் மயிரடர்ந்து இருந்ததா என்று கேளுங்கள். எலி வாலில் அந்த அடர்த்தி இருக்காது.

வகை மாறிப்போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. மழையில் நனைந்தால் மயிர் ஒட்டிக்கொண்டு பளிச்சென்ற கோடும் மங்கிவிடும். வானத்துக்கு எதிரே நிற்கும் அணில் எந்த வகையானாலும் கறுப்புதான். குட்டி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்த மூவரிக் குட்டியைச் சிறிய அணில் என்பதால் நீலகிரி வரி அணில் என்று எழுதிவிடுவார்கள். குட்டிக்கு உடம்புக்கு மீறிய பெரிய தலை இருக்கும், வால் இன்னும் நிரம்பியிருக்காது, ஆனால் கோடு மட்டும் தெளிவாக இருக்கும். வளர்ந்த நீலகிரி வரி அணிலுக்கு இதெல்லாம் தலைகீழ்: உடம்புக்கு ஏற்ற தலை, நிரம்பிய வால், மங்கிய கோடு.

மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை இப்படி இருக்கட்டும்: எந்த இடம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலை நிறம், வால், கடைசியாகக் கோடு.

கேள்வி: லாங்வுட் சோலை ஓரமாகப் பலமுறை காத்திருந்தும் நீலகிரி வரி அணில் கண்ணில் படவே இல்லை. கீச்சுக் கீச்சென்று சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் மேலே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அணில் என்றதும் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். இந்த அணில் இருப்பது கீழ்த்தட்டில்: குறிஞ்சிப் புதர், கொடிப் பின்னல், விழுந்த கிளைகளின் குவியல். தரையிலிருந்து உங்கள் தோள் உயரம் வரைதான் முதலில் தேட வேண்டும். சோலையின் நடுவில் தேடுவதைவிடச் சோலையும் தேயிலையும், அல்லது சோலையும் பாதையும் சேரும் விளிம்பு நல்லது. அங்கே வெளிச்சமும் புதரும் ஒன்றாகக் கிடைக்கும்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். விடியற்காலை இருட்டோடு போய் நிற்பதில் பயனில்லை. இது பகல் பிராணி. பனி விலகி முதல் வெயில் புதர் மேல் விழும் நேரம்தான் பொழுது. கிழக்குப் பார்த்த விளிம்பாகத் தேர்ந்தெடுத்துச் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். நின்ற பிறகு குறைந்தது இருபது நிமிடம் அசையக்கூடாது. முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. நீங்கள் வந்த சத்தம் அடங்குவதற்கே அந்த நேரம் போய்விடும். பெரும்பாலானவர்கள் அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான் ‘இங்கே இல்லை’ என்று நகர்கிறார்கள்.

சத்தத்தைத் துரத்திப் போகாதீர்கள். பறவை போலக் கீச்சிடுவதால் ஏற்கெனவே குழப்பம். அதோடு அடர்ந்த சோலைக்குள் சத்தம் வரும் திசையும் ஏமாற்றும். சத்தம் வந்த பக்கம் கண்ணை ஓரிடத்தில் குத்தாமல் பரவலாக வைத்து இலை அசைவை மட்டும் பாருங்கள். பறவை தாவினால் ஓர் இடத்தில் இலை குலுங்கி நின்றுவிடும், அடுத்த குலுக்கல் ஓரடி தள்ளி வரும். அணில் போனால் அசைவு கிளையோடு ஒழுகிப் போகும், விட்டுப்போகாது. அசைவு போகும் திசைக்குக் கொஞ்சம் முன்னால், இலை விலகிய ஓர் இடைவெளியில் பைனாகுலரை வைத்துக் காத்திருந்தால் அது அந்த இடைவெளியைக் கடக்கும்.

பைனாகுலர் என்றதும் 12 மடங்கு, 20 மடங்கு என்று வாங்கிவிடுகிறார்கள். சோலைக்கு அது உதவாது. படம் ஆடும், இருட்டாக இருக்கும். 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி சோலை இருட்டிலும் வெளிச்சம் சேர்க்கும். வாங்கும்போது எவ்வளவு பக்கத்தில் குவியும் என்று கடையிலேயே சோதியுங்கள். இரண்டு மூன்று மீட்டரில் தெளிவாகக் குவியாத கருவி இந்த அணிலுக்குப் பயனற்றது. அது வந்தால் உங்கள் காலடிக்குப் பக்கத்தில்தான் வரும்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் பறவை பார்ப்பவர்களிடமிருந்து இங்கேயும் வந்திருக்கிறது. வேண்டாம். இந்த இனம் அழியும் ஆபத்துக்கு இலக்கானது என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. பதற்றப்படுத்திப் பார்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

மழை மாதங்களில் அட்டை இருக்கும். காலுறையைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டு, ஓரத்தில் உப்புத்தூள் தேய்த்துக்கொள்ளுங்கள். மழையில் கரைந்துவிடும் என்பதால் பையில் பொட்டலமாகவும் வைத்திருக்க வேண்டும். அட்டையைவிடப் பெரிய கவலை வேறு இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது உங்களுக்கே தெரியும். தனியாகப் போகாதீர்கள். வளைவுகளில் நெருங்கும்போது கொஞ்சம் பேசிக்கொண்டே போய், நிற்கும் இடம் வந்ததும் அமைதியாகுங்கள். சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. ஓரத்துப் பாதையிலிருந்தே பார்க்க முடிகிற பிராணிக்கு உள்ளே போகத் தேவையும் இல்லை.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துப் பெரிய மரத்தில் கறுப்பும் சிவப்பும் கலந்த பெரிய அணில் வருகிறது. மேலே நான்கைந்து கூடு தெரிகிறது. அத்தனை அணில் இருக்கிறதா? கோகோ காயைக் குடைந்து போடுவதும் இதுதானா?
– ஒரு விவசாயி, கூடலூர்

பதில்: அது மலபார் மலை அணில். ஒன்றரை, இரண்டு கிலோ வரை இருக்கும். வால் உடம்பைவிட நீளம். கூடு நான்கைந்து இருப்பதால் அணிலும் நான்கைந்து என்று பொருளில்லை. ஒரே அணில் பல கூடு கட்டும். ஒன்றில் தூங்கும், ஒன்றில் குட்டி போடும், சிலவற்றைப் பாதி கட்டிவிட்டு விட்டுவிடும். காக்கைக் கூடு மேலே திறந்த தட்டு. இது இலையும் குச்சியும் சேர்ந்த உருண்டை, கால்பந்தைவிடப் பெரிது. உச்சிக் கவட்டில், பக்கத்து மரத்துக் கிளைகள் வந்து தொடும் இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கும். ஆபத்து வந்தால் இரண்டு மூன்று திசையில் தாவ வழி வேண்டும் அதற்கு.

எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் கூட்டை எண்ணாமல் அணிலை எண்ணுங்கள். காலையில் வெயில் வந்ததும் இரை தேடும், நடுப்பகலில் கிளையோடு கிளையாகப் படுத்துவிடும், மாலையில் மறுபடி கிளம்பும். கண்ணுக்கு முன்னால் காதில் விழும்: கடகடவென்று உலுக்கியது போல உரத்த குரல். அல்லது பழத்தோலும் கடித்த இலைக்காம்பும் மேலிருந்து உதிரும். பயந்தால் ஓடாது, கிளையில் ஒட்டிப் படுத்து அசையாமல் கிடக்கும். அப்போது காட்டிக்கொடுப்பது தொங்கும் வால்தான். கரும்பருந்து வட்டமிட்டால் இதே நிலைதான், நெடுநேரம் ஆனாலும் அசையாது.

கோகோவைப் பொறுத்தவரை ஓட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள். காம்பை ஒட்டிக் குடைந்திருந்தால் எலி, பிஞ்சையும் விடாது. காயின் நடுப்பாகத்தில், அதுவும் பழுத்த காயில் மட்டும் ஓட்டை என்றால் அணில், பெரும்பாலும் கோடு போட்ட அணில். பழுத்ததும் மரத்தில் விட்டுவைக்காமல் பறித்துவிட்டால் பாதிச் சேதம் குறையும். மலை அணிலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு வேண்டுகோள்: நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது எல்லா மரத்தையும் ஒரே வருடத்தில் மொட்டையடிக்காதீர்கள். மேலே கிளைத் தொடர்பு அறுந்தால் மலை அணில் தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். தரையில் அதற்கு ஓடத் தெரியாது. தோட்டத்து நாய்க்கு அதுவே போதும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக, அடுத்தடுத்த வருடங்களில் செய்தால் உங்கள் காப்பிக்கும் நிழல் சீராகக் கிடைக்கும்.

கேள்வி: அவலாஞ்சி பக்கம் கரும்பழுப்பு நிறத்தில், தொண்டை மட்டும் மஞ்சளாக, நீண்ட வாலுடன் ஒன்று மரத்திலிருந்து இறங்கி ஓடியது. மலை அணிலா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: இல்லை, அதைவிட அபூர்வம். தொண்டை மஞ்சள் என்றால் நீலகிரி மார்டென். கீரியைப் போல நீண்ட உடம்பு, மரமும் ஏறும், தரையிலும் ஓடும், மலை அணிலையே வேட்டையாடும். தேதி, இடம், நேரம் எழுதி வனத்துறைக்குத் தெரிவியுங்கள். செம்பழுப்பு உடம்பும் கறுத்த வால் நுனியுமாகத் தரையிலேயே நடந்து போயிருந்தால் கழுத்துப்பட்டைக் கீரி என்று சொல்லியிருப்போம்.

கேள்வி: ராணுவத்தில் இருந்தபோது அருணாசலப் பிரதேசத்தில் முகத்திலும் கோடு உள்ள குட்டி அணிலைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் சிப்மங்க் உண்டு என்று அங்கே சொன்னார்கள்.
– முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்

பதில்: நீங்கள் பார்த்தது சரி, பெயர்தான் வேறு. அது இமயமலை வரி அணில். கண்ணுக்குக் கீழே தொடங்கும் வெளிர்க்கோடு தோள் வழியாக முதுகுக் கோட்டோடு சேர்வதால் சிப்மங்க் மாதிரியே இருக்கும். காது நுனியில் வெள்ளை மயிர்க்கொத்து இருந்திருக்குமே? அதுதான் அடையாளம். மரத்தில் வாழும், வளை தோண்டாது. வடகிழக்கு மாநிலங்களோடு சரி. நம் மலைகளில் இல்லை.

கேள்வி: மலை அடிவாரத்தில் ஓடைக்கரை மரங்களில் சாம்பல் நிறத்தில் பெரிய அணில் பார்த்தேன். மலபார் அணில் வயதானால் நரைக்குமா? இன்னொன்று: கூர்மூக்கோடு அணில் போல ஒன்று தரையில் ஓடுகிறது. அது என்ன?
– ஒரு கல்லூரி மாணவி, பழனி

பதில்: நரைக்காது. அது வேறு இனம், சாம்பல் நிற மலை அணில். உடம்பு முழுக்க நரைத்த மயிர் கலந்திருக்கும். வறண்ட காட்டின் நடுவே ஓடும் ஓடைக்கரையின் உயர்ந்த மரங்கள்தான் அதற்கு வீடு. திருவில்லிபுத்தூரில் இதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சேர்ந்தது. சின்னாறிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவிலும் இருக்கிறது. மருதும் புளியும் வரிசையாக நிற்கும் கரையில் காலையில் நடந்து பாருங்கள். இரண்டு கரை மரங்களும் மேலே கைகோத்திருக்கும் இடத்தில் நின்றால் வாய்ப்பு அதிகம்.

கூர்மூக்கு என்று சொன்னதால் இரண்டாவது மூங்கிலணத்தான் ஆக இருக்கும். அணிலே இல்லை, வேறு குடும்பம். அணிலின் மழுங்கிய முகத்துக்கு மாறாக மூக்கு முன்னால் நீண்டிருக்கும், முதுகில் கோடு இருக்காது, தோளில் ஒரு சிறு வெளிர்க்கோடு மட்டும் சாய்ந்து தெரியும். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும்.

கேள்வி: இரவில் மரத்திலிருந்து மரத்துக்கு ஏதோ மிதந்து போகிறது. ஆந்தையா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: சிறகடிக்காமல் சரிந்து இறங்கி, அடிமரத்தில் ஒட்டி, உடனே மேலே ஏறினால் பறக்கும் அணில். ஆந்தை கிளையில் உட்காரும், அடிமரத்தில் ஒட்டாது. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். நேர் வெளிச்சம் அடித்தால் அது பொந்துக்குள் போய்விடும், அன்றைய இரை போச்சு.

கேள்வி: மழையில் கூடு விழுந்து கண் திறக்காத இரண்டு அணில் குட்டி கிடைத்திருக்கிறது. பசும்பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: கூடாது. பசும்பால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சொட்டுக்குழாயில் அவசரமாகக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்க் குட்டி செத்துப்போகும். முதலில் வேண்டியது சூடு. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குத் தின்றது செரிக்காது.

செருப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டியில் மெத்தென்ற பழந்துணி போடுங்கள். நூலிழை தொங்கும் துணி வேண்டாம், நகம் சிக்கும். பெட்டியின் பாதியளவுக்கு மட்டும் அடியில் வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். உடம்பு சூடேறியதும் பெட்டியை அதே மரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில், மழை படாத பக்கம் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஏற்காது என்பது கட்டுக்கதை. ஆள் பக்கத்தில் நின்றால்தான் வராது. வந்தால் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோகும். முதல் குட்டியை எடுத்துப் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்துவிடாதீர்கள். அது இரண்டாவதற்கும் வரும்.

தாய் பகலில்தான் வரும். பொழுது சாய்ந்தும் எடுத்துப் போகவில்லை என்றால் இரவு முழுக்கச் சூட்டோடு உள்ளே வைத்திருந்து மறுநாள் காலை ஒருமுறை முயலுங்கள். காயம் இருந்தாலோ எறும்பு மொய்த்திருந்தாலோ காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடமோ வனத்துறை அலுவலகத்திலோ கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: படம் அனுப்பினால் எந்த அணில் என்று சொல்வீர்களா? எப்படி எடுக்க வேண்டும்?
– பல வாசகர்கள்

பதில்: சொல்வோம், ஆனால் ஒரே படத்தை அனுப்பாதீர்கள். செல்போனில் பெரிதாக்கி எடுத்த படத்தில் மயிர் நிறம் மாறிவிடுகிறது. தள்ளி நின்று, பெரிதாக்காமல், மரமும் சூழலும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். முகம் பக்கவாட்டில் தெரிய ஒன்று, வாலின் அடிப்பக்கம் தெரிய முடிந்தால் ஒன்று. படத்தைவிட வீடியோ நல்லது. இருபது நொடி எடுத்தால் அணில் எப்படியும் ஒருமுறை திரும்பும். ஊர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய உயரம், நேரம், வீட்டுத்தோட்டமா சோலையா எஸ்டேட்டா, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். வெயிலுக்கு எதிரே எடுத்த படமானால் அனுப்ப வேண்டாம். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே கிளைக்கு அணில் வரும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் மாறி நின்று எடுத்து அனுப்புங்கள்.